கேட்காத வீட்டார்

செஞ்சியில் கற்பனைக் குலங்களுக்கு ஒப்புதல் தரும் வாரியத்தின் அலுவலகம், முன்பு உரக்கிடங்காக இருந்த ஒரு கட்டடத்தின் மாடியில் இருக்கிறது. உர வாசனை இன்னும் போகவில்லை. சன்னல் வழியாக ராஜகிரிக் கோட்டை தெரியும் என்பதால் வாரியத் தலைமை இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்ததாக ஒரு பலகையில் எழுதியிருக்கிறார்கள். சன்னலை அடைத்துக்கொண்டு ஒரு பீரோ நிற்கிறது. பலகையை அந்தப் பீரோவின் மேல் சாய்த்து வைத்திருக்கிறார்கள்.

அதே மாடியில்தான் எங்கள் மாலைநேர மொழிபெயர்ப்பு வகுப்பும் நடக்கிறது. பயிற்றுநரின் பெயர் தாண்டவராயன். ஒப்புதல் அலுவலரின் பெயரும் தாண்டவராயன். இருவரும் ஒருவரே. வகுப்பு முடிந்ததும் கரும்பலகைப் பக்கத்து நாற்காலியிலிருந்து எழுந்து, பீரோ பக்கத்து நாற்காலியில் போய் உட்காருவார். முதல் நாற்காலியில் இருக்கும்போது, "வெண்மதி, இங்க வாம்மா" என்பார். இரண்டாவது நாற்காலியில், "மனுதாரர் யார்?" என்பார். முதல் தடவை வேடிக்கை செய்கிறார் என்று நினைத்துச் சிரித்துவிட்டேன். எழுத்து மூலம் வருத்தம் தெரிவிக்கும்படி அலுவலர் ஆணையிட்டார். அந்தக் கடிதத்தை எப்படி எழுதுவது என்று மறுநாள் வகுப்பில் பயிற்றுநர் சொல்லிக்கொடுத்தார்.

இந்த வாரியம் ஏன் வந்தது என்பதை முதல் வகுப்பிலேயே சொல்லியிருந்தார்கள். எங்கோ ஒரு மாவட்டத்தில், ஒரு மாயக்கதையில் வந்த டிராகன் கூட்டத்தின் பெயர் தங்கள் பெயரைப் போல இருப்பதாகச் சிலர் பேருந்தை மறித்தார்களாம். அன்றிலிருந்து, புனைவில் வரும் குலம், குடி, கூட்டம் எதுவானாலும் அதன் பெயரைத் தமிழில் கொண்டுவருகிறவர் முன் ஒப்புதல் வாங்க வேண்டும். வாங்காவிட்டால் புத்தகம் அச்சாகாது. வகுப்புச் சான்றிதழும் கிடைக்காது.

நான் பகலில் கடைவீதியில் ஹரிகிருஷ்ணன் முதலாளியின் மளிகைக் கடையில் பில் போடுகிறேன். மாலையில் வகுப்பு. இறுதித் தேர்வுக்கு ஒவ்வொருவரும் ஒரு நாவலை மொழிபெயர்க்க வேண்டும். நான் எடுத்துக்கொண்டது, பனி பெய்யும் ஒரு நாட்டிலிருந்து ஒரு பெண் எழுதிய மாயக்கதை. அதில் நான்கு குலங்கள் வருகின்றன. தார்வென் என்பவர்கள் மலைமேல் தீ மூட்டி நாட்டைக் காப்பாற்றியவர்கள். கெல்மூர் உப்பைக் காப்பவர்கள். இஸ்லோ நீர்க்கரையில் குடியேறியவர்கள். நான்காவது ஓனு.

ஓனுக்களுக்காகத்தான் நான் இந்த நாவலையே எடுத்தேன். அவர்கள் வாசலில் யார் வந்து நின்றாலும் யாரென்று கேட்க மாட்டார்கள். அவர்களுக்குத் தெரிந்த கேள்வி, சாப்பிட்டாயா என்பது மட்டும்தான். வந்தவராகத் தன்னைப் பற்றிச் சொன்னால் கேட்டுக்கொள்வார்கள். சொல்லாவிட்டால் படுக்க இடம் தருவார்கள். தன் குலத்தை விட்டு வந்த எவரும் அங்கே ஒரு வேளை சாப்பிட்டால் ஓனு ஆகிவிடுவார். கதாநாயகி அப்படி ஒரு வீட்டில் வளர்ந்தவள்.

எங்கள் நைனா வல்லத்துப் பக்கம். அம்மா சீயமங்கலத்துப் பக்கம். இரண்டு வீட்டிலும் கேட்ட கேள்வி ஒன்று, பதில்கள் வேறு வேறு. அதனால் இருவரும் செஞ்சிக்கு வந்துவிட்டார்கள். இங்கே வீடு பார்க்கப் போகும்போது, வாடகை எவ்வளவு என்பதற்கு முன்னால் "நீங்க இன்னா ஆளுங்க?" என்பது வரும். என்னைப் பள்ளியில் சேர்க்கும்போது நைனா படிவத்தில் சாதி என்ற இடத்தில் ஒரு கோடு போட்டார். அதனால் ஓனுக்கள் எனக்குக் கற்பனை மாதிரித் தெரியவில்லை என்று சொன்னால் மிகையாகத் தோன்றலாம். மிகைதானா என்று எனக்கே சரியாகத் தெரியவில்லை.

முதலில் நான்கு பெயர்களையும் ஆசிரியர் வைத்தபடியே எழுதிக் கொடுத்தேன். தாண்டவராயன் சார் கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் படித்தார்.

"இதெல்லாம் இன்னா?"

"குலப் பேருங்க சார். எழுதனவங்க வெச்ச பேரு."

"இந்த நாற்காலியில சார் கிடையாது. ஐயா."

"சரிங்க ஐயா."

"தார்வென்னு ஒருத்தன் வர்றான். அவன் மேலயா கீழயான்னு படிக்கிறவனுக்கு எப்படித் தெரியும்?"

"கதையில யாரும் மேல கீழ இல்லீங்க ஐயா."

"கதையில இல்லாம இருக்கலாம். வாசகன் கதைக்குள்ள போவணுமா வேணாமா? செருப்பை எங்க வுடறதுன்னு தெரியாம ஒரு வீட்டுக்குள்ள எப்படிப் போவான்?"

"அயல் ஒலி, பொதுமக்களுக்கு நிலை விளங்கவில்லை" என்று எழுதி மனுவைத் திருப்பிக் கொடுத்தார்.

பெயர்களை ஒலிபெயர்ப்பதா, பொருளை எடுத்துக்கொள்வதா என்பது வகுப்பில் எங்களுக்கு ஒரு பாடமாகவே இருந்தது. பாடத்தில் எளிதாகத் தெரிந்தது. மூல நூலில் உப்பு என்றால் கடல் ஞாபகம் வருகிறது. தமிழில் ஒரு கூட்டத்தின் பெயரில் உப்பு வந்தால், யார் விற்ற உப்பு, யார் சுமந்த உப்பு என்பது ஞாபகம் வருகிறது. தொழிலை வைத்துப் பெயர் போட்டால் ஏதோ ஒரு தெருவின் பெயராகிவிடுகிறது. இடத்தை வைத்தால் ஏதோ ஒரு ஊராகிவிடுகிறது. மிருகத்தை வைத்தால் வசவாகிவிடுகிறது. எவ்வளவு யோசித்தாலும், யாரும் இதுவரை குடியிருக்காத ஒரு சொல் எனக்குக் கிடைக்கவில்லை.

கடைசியில் மேட்டுத்தீயார், உப்புக்காவலர், ஏரிக்கரையார் என்று எழுதினேன். ஓனுவுக்குத்தான் நாள்கணக்கில் யோசித்தேன். குலமற்றோர் என்றால் எதையோ தொலைத்துவிட்டவர்கள் போல இருந்தது. பிறர் என்பது ஏற்கெனவே எல்லாப் படிவங்களிலும் கடைசியில் இருக்கிறது. பிறகு கேட்காத வீட்டார் என்று எழுதினேன். அழகான பெயர் என்று சொல்ல முடியாது. ஆனால் எழுதிப் பார்த்தபோது அந்த வீட்டுக்குள் வெளிச்சம் இருப்பது போல இருந்தது.

இந்த முறை மனு ஏற்கப்பட்டது. ஏற்கப்பட்டதும் அறிவிப்பு ஒட்டினார்கள். பேருந்து நிலையத்திலும் கடைவீதியிலும் ஒட்டியிருந்த தாளில் இப்படி இருந்தது: "கீழ்க்காணும் குலங்கள் முற்றிலும் கற்பனையானவை. இவற்றில் தாங்கள் இருப்பதாகக் கருதும் பொதுமக்கள் தங்கள் ஆட்சேபணையை நேரில் தெரிவிக்கலாம். மொழிபெயர்ப்புப் பிரதி அலுவலகத்தில் பார்வைக்கு உண்டு."

யாரும் வர மாட்டார்கள் என்று நினைத்தேன். விசாரணை நாளன்று மாடிப்படியில் நிற்க இடமில்லை. முதல் ஆட்சேபணைக்காரர் என் முதலாளி.

"என் கடையில உக்காந்துகிட்டே என்னப் பத்தி எழுதியிருக்குது இந்தப் பொண்ணு" என்றார் ஹரிகிருஷ்ணன். "உப்புக்காவலருங்க உப்புல சாம்பல் கலக்கறாங்களாம்."

"மொதலாளி, அது பனி நாட்டுக் கதைங்க" என்றேன்.

"பனி நாடா இருந்தா இன்னா, பாலைவனமா இருந்தா இன்னா. உப்பு உப்புதான? எங்க தாத்தா காலத்துலேருந்து உப்பு விக்கிறோம்."

தாண்டவராயன் ஐயா கேட்டார். "உங்கள் கடையில் கலப்படம் உண்டா?"

"கெடையவே கெடையாது."

"அப்படியானால் உங்களைத்தான் சொல்வதாக ஏன் நினைத்தீர்கள்?"

"இல்லாதத சொல்றதாலதான் மனசு புண்படுது ஐயா. இருந்தா நான் ஏன் வர்றேன்? கடையில உக்காந்து கலந்துகினு இருப்பேன்."

நியாயம் இருப்பதாக அலுவலர் ஒப்புக்கொண்டார். சாம்பல் என்ற சொல்லை நீக்கிவிட்டு, மனம் புண்படாத வேறு ஒரு பொருளைச் சேர்க்கும்படி ஆணை வந்தது. முதலாளியே ஏலக்காய் என்று சொன்னார். இப்போது ஆறாம் அத்தியாயத்தில், கொடிய உப்புக்காவலர் உப்பில் இரகசியமாக ஏலக்காய் கலந்து நாட்டை ஏமாற்றுகிறார்கள்.

அடுத்து வந்தவர் பனமலையிலிருந்து பாண்டுரங்கன். வேட்டியை மடித்துக் கட்டியிருந்தவர், அறைக்குள் வந்ததும் அவிழ்த்து விட்டுக்கொண்டார்.

"எங்க ஊர்ல ஏரி இருக்குதுங்க. கதையில ஏரிக்கரையாரு மதகைத் தொறந்துவுட்டு பக்கத்து ஊர முழுகடிக்கறாங்க. பக்கத்து ஊர்க்காரன் இன்னா நெனைப்பான்?"

"ஏரி எல்லா ஊரிலும் இருக்கிறது" என்றார் அலுவலர்.

"இருக்குது. கரை மேல கோயிலோட இருக்குதா?"

"கதையில் கோயில் இல்லையே."

"அதான் ஐயா என் ரெண்டாவது ஆட்சேபணை. எங்க கோயில எடுத்துட்டாங்க."

கோயிலைச் சேர்க்கவும், மதகு தானாகத் திறந்துகொண்டதாக எழுதவும் ஆணை ஆனது. நான் குறித்துக்கொண்டேன். மதகு எப்படித் தானாகத் திறக்கும் என்று கேட்கலாமா என்று யோசித்தேன். மாயக்கதைதானே என்று எனக்கு நானே பதில் சொல்லிக்கொண்டேன்.

மூன்றாவதாக வந்தவன் ரஞ்சித். எங்கள் வகுப்பில் என் பக்கத்து பெஞ்சில் உட்காருகிறவன். பகலில் செல்போன் கடையில் வேலை. துண்டும் மாலையுமாக, பின்னால் ஒரு கூட்டத்தோடு வந்தான்.

"உங்கள் ஆட்சேபணை என்ன?"

"ஆட்சேபணை இல்லீங்க ஐயா. நாங்கதான் அவங்க."

"யார்?"

"மேட்டுத்தீயார். மலை மேல தீ மூட்டி நாட்டைக் காப்பாத்தனவங்க. மலை எங்க இருக்குது? இதோ, பீரோவுக்குப் பின்னால இருக்குது."

எல்லோரும் பீரோவைப் பார்த்தார்கள். சிலர் கும்பிட்டார்கள்.

அந்த வாரமே பேருந்து நிலையத்தில் பேனர் வந்துவிட்டது. மேட்டுத்தீயார் முன்னேற்றச் சங்கம். நடுவில் இரும்புக் கவசம் போட்ட ரஞ்சித், தலைக்கு மேலே ராஜகிரி, தோளில் ஒரு டிராகன். கீழே வரிசையாகச் சின்னச் சின்ன முகங்கள்.

"டேய், கதையை முழுசா படிச்சியா?" என்று வகுப்பில் கேட்டேன்.

"எங்க ஆளுங்க வர்ற பக்கம் மட்டும் படிச்சேன்."

"கடைசிப் போருல அவங்க தோத்துடறாங்க."

அவன் முகம் மாறியது. உண்மையாகவே மாறியது. நேற்று வரை அவனுக்கு அப்படி ஒரு பெயர் இருப்பதே தெரியாது. "இன்னா வெண்மதி இப்படி பண்ணிட்ட?" என்றான். "பசங்கள்லாம் அந்தப் பேரக் கையில பச்சை குத்திக்கினாங்க."

மறு விசாரணையில், எந்தக் குலமும் தோற்கக் கூடாது என்று முடிவானது. அலுவலரே வாசகத்தைச் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். "போர் கடுமையாக நடந்தது. அனைவரும் வென்றனர். வென்ற அனைவரும் இறந்தவர்களைக் குலம் குறிப்பிடாமல் அடக்கம் செய்தனர்."

கேட்காத வீட்டார் சார்பாக மட்டும் யாரும் வரவில்லை. நல்லதுதான், இந்தப் பெயரை அப்படியே விட்டுவிடுவார்கள் என்று நான் மகிழ்ந்திருந்தேன். விதியை ஒழுங்காகப் படிக்காததால் வந்த மகிழ்ச்சி அது.

"உன் நாலாவது குலம் சிக்கல்ல இருக்குதும்மா" என்றார் தாண்டவராயன் சார். அப்போது முதல் நாற்காலியில் இருந்தார். "ஆட்சேபணையே வரலன்னா அந்தக் குலத்துக்கு ஆள் இல்லன்னு அர்த்தம். ஆள் இல்லாத குலத்துக்கு எப்படி ஒப்புதல் தர்றது? மாவட்டக் குழு வருது. அவங்க முடிவு பண்ணட்டும்."

"எல்லாமே கற்பனைதானே சார்?"

"மத்த மூணும் கற்பனைதான். ஆனா இருக்குது."

மாவட்டக் குழுவின் தலைவர் முனைவர் ஜெயஸ்ரீ. வெள்ளைக் கார், கஞ்சி போட்ட பருத்திப் புடவை, இனிமையான குரல். படிக்கட்டில் என்னைப் பார்த்ததும் கன்னத்தைத் தட்டி, "நீதான் அந்தப் பொண்ணா?" என்றார். எனக்கு அவரைப் பிடித்துவிட்டது. அதையும் சொல்லிவிட வேண்டும். குழு கூடியதும் அவர் எழுந்து பேசினார்.

"நான் சாதி பார்ப்பவள் அல்ல. ஆனால் நண்பர்களே, பார்க்காமல் இருப்பது ஒரு பயிற்சி. எதிரே நிற்பவர் யாரென்று சரியாகத் தெரிந்தால்தான் அதைப் பார்க்காமல் இருக்க முடியும். தெரியாத ஒருவரிடம் நாம் எதைப் பார்க்காமல் இருப்பது? ஆகவே நான் முதலிலேயே கேட்டுவிடுவேன். கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு ஒருபோதும் பார்த்ததில்லை. எங்கள் வீட்டில் வேலை செய்யும் பெண்ணை என் சொந்த மகளைப் போலத்தான் நடத்துகிறேன். அவளுக்கென்று தனியாக ஒரு தம்ளரே வாங்கி வைத்திருக்கிறேன். அதில் என் பிள்ளைகளைக்கூட வாய் வைக்க விட்டதில்லை."

கைதட்டினார்கள். நானும் தட்டினேன். எல்லோரும் தட்டும்போது கை தானாகப் போய்விடுகிறது.

பிறகு என் நான்காம் குலத்துக்கு வந்தார்கள். நீக்குவதற்கு முன் வேறு ஏதாவது குலத்தோடு சேர்க்க முடியுமா என்று பார்ப்பது முறை என்பதால், மூன்று தரப்பையும் கூப்பிட்டுக் கேட்டார்கள்.

"எங்க கூட வேணாங்க" என்றார் ஹரிகிருஷ்ணன். "யாரு வந்தாலும் சோறு போடற ஆளுங்க. வியாபாரம் படுத்துடும்."

"கரையில எடமில்ல" என்றார் பாண்டுரங்கன்.

ரஞ்சித் என்னைப் பார்க்காமல் சொன்னான். "அவங்க நல்லவங்கதான். ஆனா பொண்ணு கிண்ணு குடுக்கற மாதிரி கதை போயிடுச்சுன்னா இன்னா பண்றது?"

அப்படியானால் நீக்கிவிடலாம் என்று குழு கருதியது. கதாநாயகி அந்த வீட்டில் வளர்ந்தவள் என்று நான் சொன்னேன். வளர வீடே இல்லாதபோது அவளையும் எடுத்துவிடலாம், புத்தகம் கைக்கு அடக்கமாக வரும் என்றார் ஜெயஸ்ரீ மேடம். முடிவை அடுத்த வாரம் எழுத்தில் தருவதாகச் சொல்லிவிட்டு, புறப்படும் முன் என் பக்கம் திரும்பினார்.

"ஒண்ணு மறந்துட்டேன். மொழிபெயர்ப்பாளர் சார்பு இல்லாதவர்னு உறுதி செய்யணும். நீ எந்தப் பக்கம்மா?"

"செஞ்சிங்க மேடம்." சின்ன வயதிலிருந்து அம்மா சொல்லிக்கொடுத்த பதில் அது.

அவர் சிரித்தார். "ஊரைக் கேக்கல, கண்ணு."

அறையில் இருந்த எல்லோரும் மெல்ல என் பக்கம் சாய்ந்தார்கள். மாசக்கணக்கில் பக்கத்தில் உட்கார்ந்த ரஞ்சித்தும், என் கையால் பில் வாங்கி வாடிக்கையாளருக்குத் தரும் முதலாளியும் சாய்ந்தார்கள். அடுத்த வாரம் எழுதிக் கொண்டுவருவதாகச் சொன்னேன்.

வீட்டில் நைனா லோடு ஆட்டோவைத் துடைத்துக்கொண்டிருந்தார். அம்மா வாசலில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள்.

"நைனா, நம்ம இன்னான்னு எழுதறது?"

"எதுல?"

"வாரியத்துல. நான் எந்தப் பக்கம்னு தெரியணுமாம்."

"ஸ்கூல்ல கோடு போட்டேன். கோடு போடு."

"கோடு ஒத்துக்க மாட்டாங்களாம். அப்படி ஒரு குலம் இல்லியாம்."

நைனா துணியைப் பிழிந்தார். வெகுநேரம் பிழிந்தார். "உங்க அம்மாவக் கேளு" என்றார்.

"என் பக்கத்த எழுதனா அவருக்கு வருத்தம், அவர் பக்கத்த எழுதனா எனக்கு வருத்தம்னு நெனைச்சிக்காத" என்றாள் அம்மா. "எதையோ ஒண்ண எழுதிட்டு வேலையப் பாரு. ரெண்டு பக்கமும் நம்மள எழுதிக்கல. அவ்ளோதான்."

"எழுதுனா அந்தக் கதைல ஒரு வீட்டை எடுத்துடுவாங்கம்மா. எழுதாட்டியும் எடுத்துடுவாங்க."

"எந்த வீட்டை?"

ஓனுக்களைப் பற்றிச் சொன்னேன். அம்மா கீரையை உருவுவதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள். "நாங்க வந்த அன்னிக்கு பஸ் ஸ்டாண்டுல ஒரு இட்லிக் கடைக்காரம்மா அப்படித்தான் இருந்துச்சு" என்றாள். "சாப்டியான்னு மட்டும்தான் கேட்டுச்சு. நான் சாப்ட்டேன்னு பொய் சொன்னேன். இல்ல, உன் மூஞ்சி சாப்டலன்னு சொல்லி தட்டை வெச்சுச்சு. அதுக்கப்புறந்தான் எனக்கு அழுவையே வந்துச்சு."

நைனா ஆட்டோவைச் சுற்றிக்கொண்டு மறுபக்கம் துடைக்கப் போய்விட்டார்.

மறுவாரம் குழு முடிவைப் படிக்கத் தொடங்கியபோது நான் எழுந்து நின்றேன்.

"எனக்கு ஆட்சேபணை இருக்குதுங்க."

"எந்தக் குலம் சார்பாக?" என்றார் தாண்டவராயன் ஐயா.

"கேட்காத வீட்டார்."

"நீங்கள் அந்தக் குலமா?"

"ஆமாங்க."

"எந்தப் பகுதியில் மனம் புண்பட்டது?"

"எடுத்துடறோம்னு சொன்ன பகுதியில."

ஜெயஸ்ரீ மேடத்தின் முகம் மலர்ந்தது. எழுந்து வந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "இதை முதல்லயே சொல்லியிருக்கலாமேம்மா. உங்க ஆளுங்க இருக்கறதே எங்களுக்குத் தெரியாமப் போச்சே." ஹரிகிருஷ்ணன் முதலாளி நிம்மதியாக மூச்சு விட்டார். இப்போது அவருக்கு நான் யாரென்று தெரிந்துவிட்டது. ரஞ்சித் கை தட்டினான். "சொந்தமா ஒரு சாதி வெச்சிருக்கற, சொல்லவே இல்ல பாரு" என்றான்.

குலம் நிலைத்தது. கதாநாயகியும் நிலைத்தாள். பெயர்களுக்கு ஒப்புதல் வந்தது, சென்னைப் பதிப்பகத்திலிருந்து அச்சிடுவதாகக் கடிதம் வந்தது. நைனா அதை இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டார். அம்மா கேசரி கிளறினாள். நான் ஜெயித்துவிட்டதாகத்தான் நினைத்தேன். இப்போது அதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

ஒப்புதல் பெற்ற குலத்துக்கு உறுப்பினர் தகுதி வரையறுக்கப்பட வேண்டும் என்று அடுத்து ஒரு ஆணை வந்தது.

"யார் வந்தாலும் சேத்துக்கலாங்க ஐயா" என்றேன். "கதையில அப்படித்தான் இருக்குது."

"கதையில இருக்கலாம். இங்க உப்புக்காவலர் ஒருத்தர் வந்து உன் குலத்துல சேந்துட்டு, நாளைக்கு உன் பங்கை வாங்கிட்டுப் போனா? வர்றவன் யாருன்னு விசாரிச்சுதான் சேக்கணும்."

"விசாரிச்சா அவங்க கேட்காத வீட்டார் இல்லீங்களே."

"ஒரு தடவை கேட்டுட்டு அப்புறம் கேக்காம இருங்க. மேடம் அவ்ளோ அழகாச் சொன்னாங்களே, நீயும் கை தட்டினியே."

அந்தக் குலத்தில் பதிவான ஒரே ஆள் நான் என்பதால், விசாரிக்கும் பொறுப்பும் எனக்கே வந்தது. மறுத்தால் ஒப்புதல் ரத்தாகும் என்று ஆணையிலேயே இருந்தது. புத்தகம் அச்சில் இருந்தது. பீரோவுக்கு அந்தப் பக்கம் மூன்றாவதாக ஒரு நாற்காலி போட்டார்கள். புத்தகம் வெளிவரும் வரைதானே என்று உட்கார்ந்தேன். அந்த நாற்காலியிலிருந்து பார்த்தால், பீரோவின் இடுக்கு வழியாகக் கோட்டையின் ஒரு மூலை தெரிகிறது.

யாராவது வருவார்களா என்ன என்று மறுபடியும் நினைத்தேன். பேருந்து நிலையத்தில் புதிய அறிவிப்பு ஒட்டியிருந்தார்கள். கேட்காத வீட்டார் குலத்தில் சேர விரும்புவோர் மாலை வேளையில் நேரில் வரலாம்.

நேற்று மாலை ஒரு பையனும் ஒரு பெண்ணும் படியேறி வந்தார்கள். என் வயதுதான் இருக்கும், ஒருவேளை குறைவாகவும் இருக்கலாம். அவள் கழுத்தில் மஞ்சள் கயிறு புதிதாக இருந்தது. இருவருக்கும் சேர்த்து ஒரே ஒரு துணிப்பை. பையன் அறிவிப்பை நான்காக மடித்துக் கையில் வைத்திருந்தான். பேருந்து நிலையத்தில் கிழித்து எடுத்திருக்கிறான் போல, ஓரத்தில் பசை இருந்தது.

"கேட்காத வீட்டார்னு போட்டிருந்துச்சு" என்றான். "இங்கதானாக்கா?"

"இங்கதான். உக்காருங்க."

அவள் நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்தாள். பையன் நின்றான். இரண்டாவது நாற்காலியிலிருந்து தாண்டவராயன் ஐயா கண்ணாடிக்கு மேலாகப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் படிவத்தை எடுத்து, பேனாவைத் திறந்து, மேலே தேதி போட்டேன். முதல் கேள்வி, விண்ணப்பதாரரின் தற்போதைய குலம். அச்சில் இருந்தபடி கேட்டால் பயந்துவிடுவார்கள் என்று தோன்றியது. அதனால் எல்லோரும் கேட்பது போல, சாதாரணமாக, அன்பாகவே கேட்டேன்.

"நீங்க இன்னா ஆளுங்க?"

அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பையன் மடித்த தாளைப் பிரித்துப் படித்தான். தவறான இடத்துக்கு வந்துவிட்டோமோ என்று சரிபார்ப்பவன் போல இருந்தது.

"கேக்க மாட்டாங்கன்னுதான் இங்க வந்தோம்க்கா" என்றான்.

"பதில் வரலன்னா கோடு போடாதீங்க" என்றார் ஐயா. "கோடு செல்லாது."

நான் பேனாவைக் கீழே வைத்தேன். அந்தப் பெண்ணைப் பார்த்தேன். உதடு காய்ந்திருந்தது. பையின் காதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"சாப்டீங்களா?" என்று கேட்டேன்.

நியாயமாக அதுதான் முதலில் வந்திருக்க வேண்டும். மற்றது வந்திருக்கவே கூடாது.

"சாப்ட்டோம்" என்றாள் அவள், சாப்பிடாதவர்களின் குரலில்.